தோற்பதற்கு யாருக்கு அனுமதி?

2016 ஜனவரியில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலுள்ள தங்கை வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போனேன். போயிருக்க வேண்டியவர் அம்மா. முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "இவ சும்மாதானே இருக்கா, இவ போகட்டும்" என்று அப்பா முடிவு செய்தார்.

சும்மா இருந்தவள் நான். அப்போது எனக்கு முப்பத்துநான்கு வயது. திருமணத்திலிருந்து வெளியே வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முனைவர் பட்ட ஆய்வேடு இரண்டு இயல்களோடு நின்றுபோயிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் தெரிந்தவர் யாரையாவது பார்த்தால், அவர் கேட்பதற்கு முன்பே பதிலைத் தயார் செய்துகொள்ளும் பழக்கம் வந்திருந்தது.

தங்கையின் கணவர் ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குப் போனவர். வேலையிலிருந்து வந்ததும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டிவியில் ஐஸ் ஹாக்கி பார்ப்பார். நீலமும் வெள்ளையும் அணிந்த டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ்தான் அவருடைய அணி. நான் உட்கார்ந்து பார்த்த இரவுகளில் அந்த அணி பெரும்பாலும் தோற்றுக்கொண்டே இருந்தது. எங்கள் ஊரில் கிரிக்கெட்டில் இந்தியா தோற்றால் ரிமோட் பறக்கும். இவரோ குழந்தைக்கு ஏப்பம் வரும்வரை முதுகைத் தடவிக்கொண்டு நிதானமாக இருந்தார்.

"என்ன தம்பி, கோபமே வரலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இது ரீபில்ட் அக்கா. இந்த வருசம் தோற்கிறதுதான் திட்டம். கடைசி இடத்துக்குப் போனாத்தான் நல்ல பெடியனை முதல் ஆளா எடுக்கலாம்."

ரீபில்ட் என்றால் மறுகட்டுமானம். ஆண்களுக்கான என்ஹெச்எல் லீக்கில் ஒவ்வொரு கோடையிலும் இளம் வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். முதல் முறை யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. முந்தைய சீசனில் கடைசி இடம் பெற்ற அணிக்குக் குலுக்கலில் வாய்ப்பு அதிகம். அதனால் நொடிந்துபோன ஓர் அணி, கையிலிருக்கும் பெரிய ஆட்டக்காரர்களை வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இளம் வீரர்களையும் வரப்போகும் டிராஃப்டுகளில் தேர்வு உரிமைகளையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளும். சில வருடம் தோற்கும். தோற்பது வெட்கமாகக் கருதப்படாது. அதுதான் வேலைத்திட்டம்.

லீஃப்ஸ் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. 2015 ஜூலையில் நட்சத்திர வீரர் ஃபில் கெஸலை பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்தார்கள். 2016 பிப்ரவரியில், நான் அங்கே இருந்தபோதே, கேப்டன் டியான் ஃபனூஃபை ஒட்டாவாவுக்குக் கொடுத்தார்கள். இதற்கெல்லாம் முன்பே, 2015 மே மாதத்தில், மைக் பாப்காக்கை 8 ஆண்டு ஒப்பந்தத்தில் பயிற்சியாளராக்கியிருந்தார்கள். ஒப்பந்தத்தின் மதிப்பு 5 கோடி அமெரிக்க டாலர் என்று செய்தி வந்தது. அந்த சீசனில் 82 ஆட்டங்களில் 29 வெற்றி. 30 அணிகளில் 30ஆவது இடம். ஏப்ரலில் குலுக்கல் அவர்கள் பக்கம் விழுந்தது. ஜூனில் ஆஸ்டன் மேத்யூஸை எடுத்தார்கள். அக்டோபரில் அந்தப் பையன் தன் முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் அடித்தான். அடுத்த வசந்தத்தில் அணி பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது.

எனக்கு ஹாக்கி புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் அந்தக் குளிர்காலத்தில் உறைத்தது. தோற்றுக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்து "பொறு, கட்டிக்கொண்டிருக்கிறார்கள்" என்று ஒரு நகரமே சொல்ல முடியும். அதற்குப் பணம் ஒதுக்க முடியும். நாள் குறிக்க முடியும்.

என் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். அண்ணன் முதலில் செல்போன் கடை வைத்தான், மூடினான். அரிசி ஆலையைக் குத்தகைக்கு எடுத்தான், விட்டான். பிறகு கூட்டுச் சேர்ந்து போர்வெல் வண்டி வாங்கினான், கூட்டாளியோடு சண்டை வந்தது. ஒவ்வொரு முறையும் அப்பா கொஞ்சம் நிலத்தை விற்றார். "ஆம்பளப் பையன், நாலு எடத்துல அடிபட்டுத்தான் எந்திரிப்பான்" என்பார். அந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்டதில்லை. எனக்கு வந்த கேள்வி வேறு: "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படியே இருப்ப?" அண்ணன் தோற்றால் அது அனுபவம். நான் தோற்றால் அது என் குணம்.

ஊர் திரும்பும் முன் தம்பி என்னை நகரத்துக்குள் ஒரு பழைய கட்டடத்துக்கு அழைத்துப்போனார். மேப்பிள் லீஃப் கார்டன்ஸ். 1931 முதல் 1999 வரை லீஃப்ஸ் விளையாடிய அரங்கம். அவர்கள் கடைசியாக ஸ்டான்லி கோப்பை வென்ற 1967இலும் அதுதான் அவர்களின் வீடு. இப்போது கீழ்த்தளத்தில் பெரிய மளிகைக்கடை. அடுக்குகளுக்கு நடுவே தரையில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. பழைய பனித்தளத்தின் மையம் அது. தம்பி அதன்மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். நான் தங்கைக்குப் பத்தியச் சமையலுக்குப் பூண்டு வாங்கினேன். மாடியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பனித்தளம் இருப்பதாகச் சொன்னார். நான் ஏறிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து எழுதத் தொடங்கினேன். கால நீட்டிப்புக்கு மனுப் போட்டு, அபராதம் கட்டி, 2019இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். வேலைக்கான நேர்காணலில் சங்கப் பெண்பாற் புலவர்களைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார்கள். நடுவில் விட்டுப்போன வருடங்களைப் பற்றி ஐந்து கேள்விகள். குடும்பச் சூழல் என்று சொன்னேன். "இப்ப சூழல் சரியாயிடுச்சா?" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலை கிடைத்தது.

2025 மே மாதம், கோடை விடுமுறையில், மறுபடி டொராண்டோ போனேன். அன்று தோளில் கிடந்த குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது. தன் உயரத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஹாக்கிப் பயிற்சிக்குப் போகிறாள். அவள் அறைச் சுவரில் மேத்யூஸ் இல்லை, சாரா நர்ஸ் இருந்தார். 2022 ஒலிம்பிக்கில் கனடாவோடு தங்கம் வென்றவர். பெண்களுக்கான தொழில்முறை லீக்கில் டொராண்டோ ஸெப்டர்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர்.

அந்த லீக் வந்த கதையைத் தங்கைதான் சொன்னாள். கனடாவில் 2007 முதல் பெண்களுக்கு ஒரு லீக் இருந்தது. முதல் பத்து ஆண்டுகள் சம்பளமே இல்லை. ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்களும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் பயிற்சிக்கு வந்தார்கள். 2017இல்தான் உதவித்தொகை தொடங்கியது. ஒரு சீசனுக்கு 2,000 முதல் 10,000 கனடிய டாலர் வரை. 2019 மார்ச்சில் இறுதி ஆட்டம் முடிந்து ஒரே வாரத்தில் லீக்கை மூடப்போவதாக அறிவித்தார்கள். பொருளாதார ரீதியில் தாக்குப்பிடிக்காது என்பது காரணம். அந்த நகரத்தின் ஆண்கள் அணி கோப்பை வெல்லாமல் அப்போது 52 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை மூடலாம் என்று யாரும் பேசவில்லை.

வீராங்கனைகள் அடுத்துச் செய்ததுதான் எனக்கு வியப்பு. அந்த மே மாதமே 200க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து, முறையான ஊதியமும் மருத்துவக் காப்பீடும் தராத எந்த லீக்கிலும் ஆட மாட்டோம் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவில் எஞ்சியிருந்த லீக்கையும் மறுத்தார்கள். ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டங்கள் ஆடினார்கள். நடுவில் கொரோனா வந்தது. விளையாட்டு வீராங்கனைக்கு நான்கு வருடம் என்பது சாதாரணமல்ல, உடம்பின் நல்ல காலம் போய்விடும். 2023இல் புதிய லீக் அமைந்தபோது, அணிகளுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே தொழிற்சங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. குறைந்தபட்சச் சம்பளம் 35,000 அமெரிக்க டாலர். சராசரி 55,000. ஆண்கள் அணியின் பயிற்சியாளருக்கு ஒப்பந்தமான 5 கோடியின் பக்கத்தில் வைத்தால் அது ஒன்றுமில்லை. ஆனால் யாரும் கொடுத்ததல்ல, கேட்டு வாங்கியது.

2024 ஜனவரி 1 அன்று அந்த லீக்கின் முதல் ஆட்டம் நடந்தது. இடம், நான் பூண்டு வாங்கிய கடையின் மாடி. டொராண்டோ 0-4 என்று நியூயார்க்கிடம் தோற்றது. தங்கை டிவியில் பார்த்து அழுதாளாம். தோற்றதற்காக அல்ல.

நான் போன மே மாதத்தில் சில நாள் இடைவெளியில் இரண்டு அணிகளும் வெளியேறின. ஸெப்டர்ஸ் அரையிறுதியில் மினசோட்டாவிடம் தோற்றது. லீஃப்ஸ் ஃபுளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தில் 1-6 என்று தோற்றது. ஒன்பது வருட மறுகட்டுமானத்துக்குப் பிறகும் கோப்பை வரவில்லை. தம்பி "அடுத்த வருசம்" என்றார். பழகிப்போன வார்த்தை.

பெண்கள் அணிக்கு அடுத்த வருடம் அவ்வளவு லேசாக வரவில்லை. வான்கூவரிலும் சியாட்டிலிலும் இரண்டு புது அணிகள் சேர்ந்தன. அவற்றுக்காகப் பழைய ஆறு அணிகளும் தலா நான்கு பேரை இழக்க வேண்டும். முதலில் மூவரைத்தான் பாதுகாத்துக்கொள்ளலாம், இருவர் போன பிறகு இன்னும் ஒருவரை. ஜூனில் சாரா நர்ஸ் வான்கூவருக்குப் போனார். குழந்தை அன்று சாப்பிடவில்லை. கட்டி முடிப்பதற்குள் கலைத்துக் கட்டச் சொல்கிறார்கள் என்று எனக்கும் கோபம் வந்தது.

அவளைத் தேற்றப்போய் நான்தான் பாடம் கற்றேன். "அப்போ அடுத்த வருஷம் தோத்துட்டு நல்ல ப்ளேயரா எடுத்துக்கலாம்ல?" என்றேன்.

"இல்ல பெரியம்மா. கேர்ள்ஸ் லீக்ல தோத்தா கிடைக்காது" என்றாள்.

பெண்கள் லீக்கில் குலுக்கல் இல்லை. பிளே-ஆஃப் வாய்ப்பை ஓர் அணி இழந்த நாளிலிருந்து அதற்குப் புதிய கணக்கு தொடங்குகிறது. அதன்பின் மிச்சமிருக்கும் ஆட்டங்களில் எடுக்கும் புள்ளிகளை மட்டும் எண்ணுகிறார்கள். அதில் அதிகம் எடுத்த அணிக்கு அடுத்த டிராஃப்டில் முதல் தேர்வு. சீக்கிரம் வெளியேறிய அணிக்கு ஆட்டங்கள் அதிகம் மிச்சமிருக்கும், அதனால் நலிந்த அணிக்கு வாய்ப்பும் இருக்கும். ஆனால் தோற்று வாங்க முடியாது. 2024இலும் 2025இலும் கடைசி இடம் வந்த நியூயார்க்தான் இரு முறையும் முதல் தேர்வைப் பெற்றது. முதல் முறை சாரா ஃபில்லியர், அடுத்த முறை கிறிஸ்டினா கால்டோன்கோவா.

கேட்டதும் எரிச்சலாக இருந்தது. ஆண்கள் தோற்றால் பரிசு, பெண்கள் தோற்றபின்னும் ஜெயித்துக் காட்ட வேண்டுமா? இது நமக்குத் தெரிந்த கதைதான். மினசோட்டாவின் கேப்டன் கெண்டல் காயின் ஸ்கோஃபீல்டு 2023 கோடையில் குழந்தை பெற்று, அடுத்த மே மாதம் முதல் வால்டர் கோப்பையைத் தூக்கினார். பெருமைதான். ஆனால் இடைவெளி எடுத்த பெண்ணை, கையில் கோப்பையோடு திரும்பி வந்தால் மட்டுமே நாம் மன்னிக்கிறோம். கோப்பை இல்லாமல் திரும்புகிற மற்றவர்களிடம் என்ன கேட்கிறோம்?

இந்தக் கேள்வியோடு அன்று இரவு தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் அதற்கு முந்தைய ஆண்டு, ஒரு கல்லூரியின் நேர்காணல் குழுவில் நானும் உட்கார்ந்திருந்தேன். எதிரில் முப்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க பெண். நல்ல ஆய்வு. விண்ணப்பத்தில் ஆறு வருடம் காலியாக இருந்தது. "இந்த ஆறு வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டவர் பக்கத்திலிருந்த பேராசிரியர் அல்ல. நான். அவர் மேசையைப் பார்த்தார். "குடும்பச் சூழல் மேடம்" என்றார். அந்தச் சொல்லை எங்கே கேட்டிருக்கிறேன் என்று எனக்கு அந்த நிமிடம் தோன்றவே இல்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டோம்.

பெண்கள் லீக்கின் விதி நியாயமானதா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை. ஆனால் அதில் ஒன்று பிடித்திருக்கிறது. வெளியேறிய நாள் அங்கே ஒரு தொடக்கத் தேதி. அதற்கு முன் எத்தனை தோற்றாய் என்பது அந்தக் கணக்கில் வராது. நம் ஊரில் பெண்ணின் கணக்கைப் பின்னோக்கியே எண்ணுகிறார்கள்: எத்தனை வருடம் போயிற்று, ஏன் போயிற்று, யாரால் போயிற்று. வெளியேறிய பிறகு அவள் எழுதிய ஒரு இயல், கற்றுக்கொண்ட ஒரு வேலை, தனியாகக் கட்டிய ஒரு மாத வாடகை எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை.

ஜூலையில் மறுபடி ஒரு நேர்காணல் குழுவில் இருந்தேன். நான்கு வருட இடைவெளியோடு ஒரு பெண் வந்தார். குழுவில் ஒருவர் விண்ணப்பத்தில் விரலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "சார், அது வேண்டாமே. திரும்பி வந்த பிறகு என்ன செஞ்சிருக்காங்கன்னு கேப்போம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பெண் இரண்டு கட்டுரைகளைப் பற்றிப் பேசினார், இருபது நிமிடம், தலைநிமிர்ந்து.

வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. இன்னொருவருக்கு மதிப்பெண் கூடுதலாக இருந்தது. அந்த ஆறு வருடப் பெண்ணின் பெயரை நான் குறித்து வைத்துக்கொள்ளவும் இல்லை. இதைப் படிப்பவர்களில் அவர் இருந்தால், அன்று கேட்டது தப்பான கேள்வி என்று சொல்லிக்கொள்கிறேன்.