நிரம்பியும் நிற்காத ஃபிளஷ் டேங்க்

திருவொற்றியூரில் எங்கள் தெரு முழுக்க உப்பு போர் தண்ணீர்தான். அந்த உப்பு ஃபிளஷ் டேங்க் பால்வால்வின் ரப்பர் வாஷரில் வெள்ளையாகப் படியும். அப்புறம் மிதவை மேலே வந்தாலும் தண்ணீர் நிற்காது.

பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் தண்ணீர் வழிந்தால் கோளாறு பால்வால்வில். மட்டம் அதற்குக் கீழே இருந்தும் கோப்பையில் கசிந்தால், அடியில் உள்ள ரப்பர் மூடி போயிருக்கிறது.

பால்வால்வு என்றால் முதலில் மிதவையைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். வாஷரைக் கழற்றி உப்பைக் கழுவுங்கள். அதற்கும் கேட்கவில்லையா, மாற்றிவிடலாம். ஆங்கிள் காக்கை மூடி, ஒருமுறை ஃபிளஷ் செய்து, கீழே பக்கெட் வைத்துவிட்டு கனெக்‌ஷன் பைப்பையும் பிளாஸ்டிக் நட்டையும் கழற்றுங்கள். பழையதைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போனால் அளவு தப்பாது. புது நட்டைக் கையால் முறுக்கி, கடைசியில் லேசாக இறுக்கினால் போதும். ஸ்பேனரில் பலம் காட்டினால் பீங்கான் விரிசல் விடும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகினால் நாளுக்கு 144 லிட்டர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் வந்ததே, 50 வேகனில் 25 லட்சம் லிட்டர்! பதினேழாயிரத்துச் சொச்சம் வீட்டு டேங்குகள் இப்படி ஒழுகினால் ஒரே நாளில் அந்த ரயில் காலி. நம் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது! இங்கே கெட்டிருப்பதோ ஒரு வாஷர்.