கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி

பிக்பாஸ் பார்க்கிற எல்லாரும் வீட்டுக்குள்ள யாருக்கும் யாருக்கும் சண்டைன்னு பேசுவாங்க. எனக்கென்னமோ உள்ளே இருக்கிறவங்களுக்கும் கேமராவுக்குப் பின்னாடி இருக்கிறவங்களுக்கும் நடக்கிற சண்டைதான் பெருசாத் தெரியும். பி.காம் படிக்கிற புத்தி அப்படி :)

2019ல மூணாவது சீசன் ஞாபகம் இருக்கா? மதுமிதா வெளியே வந்தப்புறம், பாக்கிப் பணம் விஷயமா மிரட்டினார்னு அவர் மேல விஜய் டிவி தரப்பு போலீஸ்ல புகார் கொடுத்துச்சு. அவர் மறுத்தார். யார் சொன்னது சரின்னு நான் சொல்ல வரலை. அத்தனை நாள் ஒரே நிகழ்ச்சிக்காக உழைச்ச ரெண்டு தரப்பு கடைசியில போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போச்சுங்கிறதுதான் என்னை யோசிக்க வச்சுது. 2023ல பிரதீப் ஆண்டனிக்கு ரெட் கார்டு கொடுத்தப்பவும் அப்படித்தான். கூட இருந்த பெண்கள் புகார் சொன்னாங்க, கமல் அனுப்பி வச்சார். வெளியே ஒரு கூட்டம் அது நியாயம்னுச்சு, இன்னொரு கூட்டம் எடிட்டிங்ல என்ன போச்சோன்னு கேட்டுச்சு. ஒரு நாளைக்கு 24 மணி நேரம். அதுல எந்தத் துண்டு டிவிக்கு வரணும்னு முடிவு பண்றது போட்டியாளர் இல்லையே.

இதெல்லாம் எனக்கு ஏன் உறைக்குதுன்னா, எங்க வீட்லயே நடந்துச்சு.

தங்கச்சி ஒரு பாட்டுப் போட்டிக்குத் தேர்வானா. சேனல் பேர் வேண்டாம். சோமனூர் பக்கம் எங்களுக்குத் தறி. கூலிக்கு நெய்து கொடுக்கிறோம், சோத்துக்குக் குறையில்லை. வீட்ல ஷூட்டிங்னு நாலு பேர் வந்தாங்க. அதுல ஒருத்தர் அப்பாகிட்ட, "பழைய சட்டை இருந்தா மாத்திக்கோங்க சார், கஷ்டத்தைக் கொஞ்சம் சொல்லுங்க"ன்னார்.

அப்பா சிரிச்சுட்டே, "கடன் இருக்குதுங்க தம்பி. ஆனா அதுக்காக பாப்பாவுக்கு மார்க் போட வேண்டாமுங்க"ன்னார்.

டிவியில அந்தப் பேச்சு வரலை. அப்பா தறி பக்கத்துல நின்னு வேர்வையைத் துடைக்கிறது மட்டும் மெதுவா ஓடுச்சு, பின்னாடி சோகமா வயலின். சட்டை அவரு மாத்தலை. ஆனா என்ன, அவங்க மாத்திட்டாங்க. அடுத்த வாரம் ஒரு சொந்தக்காரர் போன் பண்ணி, "ஏனுங்க, அவ்வளவு கஷ்டமுங்களா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ன்னார். அம்மா அந்த மாசம் ரெண்டு கல்யாணத்துக்குப் போகலை.

இதுல என் பங்கும் இருக்கு. ஒப்பந்தம் இங்கிலீஷ்ல கத்தை கத்தையா இருந்துச்சு. அப்பா கையெழுத்துப் போடறப்ப, "படிச்சியா கண்ணு?"ன்னார். "எல்லாம் வழக்கமா இருக்கிறதுதாங்ப்பா"ன்னேன். படிக்கவே இல்லை. 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல 14வது பிரிவு, சுயமான சம்மதம்னா என்னன்னு செமஸ்டர்ல மனப்பாடமா எழுதினவன் நான். அப்புறம் எடுத்துப் பார்த்தா, எடுத்ததை எப்படி வேணாலும் வெட்டலாம், ஒட்டலாம்னு ஆறாவது பக்கத்துல தெளிவாவே இருக்கு.

பிரான்ஸ்ல ஒரு ரியாலிட்டி ஷோவில கலந்துக்கிட்டவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 'நாங்க ஜாலியா விளையாட வந்தவங்க இல்லை, சொன்ன நேரத்துல சொன்னபடி செய்தவங்க, இது வேலை'ன்னு வாதம். 2009 ஜூன்ல அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆமா, அது வேலை ஒப்பந்தம்தான்னு சொல்லிடுச்சு. படிச்சப்ப அப்பா தறிகிட்ட ரெண்டு தடவை நடந்து காட்டினது ஞாபகம் வந்துச்சு. முதல் தடவை வெளிச்சம் சரியில்லையாம்.

தங்கச்சி இப்ப வேற ஒரு போட்டிக்கு ஃபாரம் வாங்கிட்டு வந்திருக்கா. நேத்து ராத்திரி உக்காந்து முழுசா படிச்சேன். மூணு இடத்துல பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கேன். அப்பா ஷிப்ட் முடிஞ்சு வரட்டும்.