நாளைய ஆட்டமும் நமது கணக்கும்

வருவது உரைத்தலில் மனிதனுக்குள்ள வேட்கை மிகப் பழையது. சித்திரை பிறக்குமுன்னரே வாக்கிய பஞ்சாங்கத்தையும் திருக்கணித பஞ்சாங்கத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டும் எவ்விடத்தில் முரண்படுகின்றன என்று பார்ப்பது நம் வீடுகளில் இன்றும் உள்ள வழக்கமே. ஆயின் பஞ்சாங்கம் ஆண்டுக்கு ஒருமுறை பலன் சொல்லி அமைந்துவிடும். நாள்தோறும் பலன் சொல்லி, அது பலித்ததா பொய்த்ததா என்று மறுநாட் காலையிலேயே ஊரறியக் கணக்குக் கொடுக்கவேண்டிய தொழில் ஒன்று உண்டு. அமெரிக்காவிலே தொழில்முறையாக ஆடப்படும் கூடைப்பந்து, பேஸ்போல் ஆட்டங்களுக்கு ஆரூடம் எழுதுவோர் செய்யும் தொழில் அது. சில ஆண்டுகளாக அவர்தம் எழுத்தை விடாது படித்து வருகின்றோம்.

இதில் எமக்கு ஈடுபாடு உண்டானதற்குக் காரணம் ரொறன்ரோவில் வாழும் எம் தமக்கையாரின் மகன். நம்மவர் பல்லாயிரவர் குடியேறிய அந்நகருக்கென ஒரு கூடைப்பந்து அணியும் ஒரு பேஸ்போல் அணியும் உண்டு. இரண்டும் அமெரிக்க அணிகளோடு ஒரே தொடரில் ஆடுவன. 2019 ஆம் ஆண்டு ராப்டர்ஸ் என்னும் கூடைப்பந்து அணி வாகை சூடிய இரவிலே தெருவில் நின்று ஆரவாரித்தவர்களில் மருமகனும் ஒருவன். அங்கே மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கோடைகாலத்தில் நமக்கு அதிகாலை நாலரை மணி. நாம் எழுந்து முகங்கழுவுமுன் அவனுடைய செய்தி தொலைபேசியில் வந்து கிடக்கும்: "மாமா, இண்டைக்கு எது வெல்லும்? சொல்லுங்கோ பாப்பம்."

வகுப்பிற் கணிதம் கற்பிப்போன் ஒருவனிடம் இவ்வாறு கேட்டால் அவன் சும்மா இருப்பானா? நாம் புள்ளிவிவரங்களைத் தேடலானோம்.

பேஸ்போல் ஆட்டத்தை நம் நாட்டார் அதிகம் கண்டதில்லை. எல்லே ஆட்டம் பார்த்தவர்களுக்கு அதன் சாயல் எளிதில் விளங்கும். எறியப்படும் பந்தை அடித்துவிட்டுத் தளங்களைச் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். ஓர் ஆட்டத்தில் ஓரணி பெறும் ஓட்டங்கள் சராசரி நாலு அல்லது ஐந்துதான். முப்பது அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. ஏறத்தாழ ஆறு மாத காலம் அன்றாடம் ஆட்டம் என்றே சொல்லலாம்.

இதில் ஆரூடம் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இரண்டு அணிகளின் கதையே போதும். 2001 இல் சியாற்றில் மரினர்ஸ் அணி 116 ஆட்டங்களில் வென்றது. அதற்குமேல் வென்ற அணி இன்றுவரை இல்லை. அத்தகைய அணியும் 46 முறை தோற்றது. இறுதிச் சுற்றுக்கும் போகவில்லை. 2024 இல் சிக்காகோ வைற் சொக்ஸ் அணி 121 ஆட்டங்களில் தோற்றது. 1900 ஆம் ஆண்டின் பின் எவ்வணியும் ஒரே பருவத்தில் அத்தனை தோல்விகளைக் கண்டதில்லை. அவ்வளவு நலிந்த அணியும் 41 முறை வென்றதே! நாலு ஆட்டத்தில் ஒன்று அதற்குக் கிடைத்தது. பலமாக அடித்த பந்து நேரே எதிராளியின் கையிற் போய் விழும். துடுப்பின் ஓரத்திற் பட்ட பந்து இருவருக்கு நடுவே மெல்ல விழுந்து ஓட்டத்தைத் தரும். ஆகவே நேர்மையுள்ள ஆரூடக்காரர் இந்த ஆட்டத்தில் "நூற்றுக்கு 55" என்பார். மிகத் துணிந்தால் 65 என்பார். "இன்று நிச்சயம்" என்று எவராவது எழுதியிருந்தால் அவர் எழுத்தை மேற்கொண்டு படிக்கவேண்டியதில்லை என்பது நமது துணிபு.

பேஸ்போல் ஆரூடம் எப்போதும் இரண்டு பெயர்களோடு தொடங்கும். அன்று முதலிற் பந்தெறியப்போகும் இருவரின் பெயர்கள் அவை. முதலெறிவாளர் ஒருவர் ஐந்து அல்லது ஆறு நாட்களுக்கு ஒருமுறைதான் எறிவார். அதற்குமேல் தோள் தாங்காது. எனவே திங்கட்கிழமை ஆடும் அணியும் செவ்வாய்க்கிழமை ஆடும் அணியும் பெயரளவில் ஒன்றாயினும் உண்மையில் வேறு வேறு. மைதானத்தின் அளவும் காற்றின் திசையும்கூட ஆரூடத்திற் சேரும். சிக்காகோவில் ஏரிப்பக்கமிருந்து காற்று உள்நோக்கி வீசும் நாளிலே மதிலைத் தாண்டவேண்டிய பந்து உள்ளேயே விழுந்துவிடும்.

கூடைப்பந்தின் இயல்பு வேறு. நாற்பத்தெட்டு நிமிட ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஏறத்தாழ நூறு முறை பந்து கைக்கு வருகின்றது. ஒரு சாக்கு நெல்லின் தரத்தை அறிய ஒரு பிடி அள்ளிப் பார்ப்பவனும் நூறு பிடி அள்ளிப் பார்ப்பவனும் ஒரே அளவு அறிவார்களா? நூறு முயற்சிகளிலே தற்செயல் தேய்ந்துபோகத் திறமை மேலே மிதந்து வரும். ஆதலால் 2015-16 பருவத்தில் கோல்டன் ஸ்டேட் வோரியர்ஸ் அணி 82 ஆட்டங்களில் 73 ஐ வென்றது. 1972-73 இல் பிலடெல்பியா அணி ஒன்பதை மட்டுமே வென்றது. இத்தகைய ஏற்றத்தாழ்வு பேஸ்போலில் நினைக்கவும் இயலாதது. களத்தில் ஐவர்தாம், அவருள் சிறந்தவர் ஒருவர் காற்புண்ணால் இருந்துவிட்டால் எல்லாக் கணக்கும் தலைகீழாகும். கூடைப்பந்து ஆரூடக்காரர் விடிந்ததும் முதலிற் பார்ப்பது காயமுற்றோர் பட்டியலையே. முதல்நாள் இரவு வேற்றூரில் ஆடிவிட்டு விமானத்தில் வந்து மறுநாளும் ஆடும் அணியா என்பது அடுத்த கேள்வி.

இந்த வேறுபாட்டைக் கணக்காலும் காட்டலாம். கன்சாஸ் மாநிலத்தில் உணவைத் தகரத்திலடைக்கும் ஆலையொன்றில் இராக்காவல் செய்துகொண்டே பேஸ்போல் எண்களை ஆராய்ந்தவர் பில் ஜேம்ஸ் என்பவர். தமது முதல் ஆண்டுநூலை 1977 இல் தாமே வெளியிட்டார். ஓரணி பெற்ற ஓட்டங்களின் வர்க்கத்தை, பெற்றவை கொடுத்தவை இரண்டினதும் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அவ்வணியின் வெற்றி வீதம் கிட்டத்தட்ட வந்துவிடும் என்று கண்டவர் அவர். வர்க்கங்கள் வருவதால் பைதகரஸின் பெயரை அதற்கு இட்டார்கள். 800 ஓட்டம் பெற்று 700 ஓட்டம் கொடுத்த அணி 162 ஆட்டங்களில் ஏறத்தாழ 92 ஐ வெல்லவேண்டும் என்பது இதன்படி விடை. கூடைப்பந்திலும் இவ்வாய்பாடு செல்லும். ஆயின் அங்கே வர்க்கத்திற்குப் பதிலாக ஏறத்தாழ 14 ஆம் அடுக்கை எடுக்கவேண்டும். எதிரி நூறு பெறுகையில் தான் நூற்றைந்து பெறும் அணியை எடுத்துக்கொள்வோம். அதே விகித மேன்மை பேஸ்போலில் நூற்றுக்கு 52 வெற்றியையே தரும். கூடைப்பந்தில் 66 ஐத் தரும். இக்கணக்கை உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஒருநாட் செய்து காட்டினோம். அடுக்குகளைக் கண்டாற் கொட்டாவி விடும் பின்வாங்கு மாணவர்கூட அன்று கொப்பியை விரித்தார்கள்.

எனினும் பருவம் முழுவதற்கும் பொருந்தும் கணக்கு ஓர் இரவுக்குப் பொருந்துவதில்லை. 2025 நவம்பர் முதலாந் திகதி ரொறன்ரோ புளூ ஜேஸ் அணியும் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் அணியும் ஆடிய ஏழாவது இறுதி ஆட்டத்தைச் சொல்லவேண்டும். நமக்கு அது ஞாயிறு காலை. ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் இருவர் ஆட்டமிழந்தால் வாகை ரொறன்ரோவுக்கே என்ற நிலை. அப்பொழுது அடிக்க வந்தவர் டொட்ஜர்ஸ் வரிசையிற் கடைசியாக வரும் மிகுவேல் ரோகாஸ். மதிலைத் தாண்ட அடிப்பவர் என்று பேரெடுத்தவர் அல்லர். அவர் அடித்த பந்து மதிலைத் தாண்டிற்று, ஆட்டம் சமநிலையாயிற்று. பதினோராவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸ் 5-4 என்று வென்றது. மருமகனின் தொலைபேசி அன்று முழுதும் பதிலிறுக்கவில்லை.

இனி நம் மனத்தை உறுத்தும் விடயத்திற்கு வருவோம். ஆரூடம் வெறும் பொழுதுபோக்காக நெடுநாள் இருந்ததில்லை. காசு அதன் நிழலாகவே வந்தது. எந்த அணி வெல்லும் என்பதோடு நில்லாமல், எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று பந்தயம் பிடிக்கும் முறையைப் பரப்பியவர் எனப் பெரும்பாலும் சொல்லப்படுபவர் சார்ல்ஸ் மக்நீல் என்னும் சிக்காகோக்காரர். அவரும் முன்னர் கணித ஆசிரியராம்! இதைப் படித்தபோது நமக்குப் பெருமையா சிறுமையா என்று துணிய முடியவில்லை. இம்முறை வந்ததும் ஓர் ஆட்டக்காரன் தன் அணியைத் தோற்கடியாமலே ஆட்டத்தை விற்க வழி பிறந்தது. பத்துப் புள்ளியால் வெல்லவேண்டியதை ஐந்தால் வென்றாற் போதுமே. 1950 இல் அமெரிக்கக் கல்லூரிகளின் இரு பெருங்கிண்ணங்களையும் ஒருங்கே வென்ற நியூயோர்க் நகரக் கல்லூரி அணியின் இளைஞர்கள் 1951 இல் இக்குற்றத்திற்காகக் கைதானார்கள்.

ஆரூடம் நாளடைவிற் சிறுத்துக்கொண்டே வந்திருக்கின்றது என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். பருவ முடிவில் யார் முதல்வர் என்பது போய், இன்று யார் வெல்வார் என்றாயிற்று; பின் எத்தனை புள்ளியால் என்றாயிற்று. 1992 ஆம் ஆண்டின் தடைச் சட்டத்தை 2018 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியபின் புக்கிக் கடை கைத்தொலைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது. இப்போது இன்னார் இன்று எத்தனை புள்ளி எடுப்பார், அடுத்த பந்து என்ன வேகத்தில் வரும் என்றெல்லாம் பந்தயம். கேள்வி பெரிதாயிருக்கும் வரை கல்வியும் கணக்கும் உதவும். கேள்வி ஒரு பந்தளவாகக் குறுகியதும் அதன் விடை ஒருவனுக்குத்தான் தெரியும்: எறிபவனுக்கு. 1919 இல் பேஸ்போல் இறுதித் தொடரை விற்றார்கள் என்று வைற் சொக்ஸ் வீரர் எண்மர் மீது வழக்கு வந்தது. அன்று ஒரு தொடரை விலைபேச எண்மர் வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் ராப்டர்ஸ் அணியின் ஜொன்ரே போர்ட்டர் தனியொருவராகவே அதைச் செய்தார். சுகமில்லை என்று சொல்லி மூன்று நிமிடத்தில் களத்தை விட்டுப் போனார். அவர் குறைந்த புள்ளி எடுப்பார் என்ற பந்தயத்தில் ஒருவர் 80,000 டொலர் வைத்து 11 இலட்சம் டொலர் பெறக் காத்திருந்தார். பந்தய நிறுவனம் ஐயுற்று அதை நிறுத்திவைத்தது. போர்ட்டர் ஏப்ரலில் வாழ்நாள் தடை பெற்றார். யூலையில் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 நவம்பரில் கிளீவ்லாந்துப் பந்தெறிவாளர் இருவர் மீது தனித்தனிப் பந்துகளை விற்றார்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. அவர்கள் அதை மறுத்தனர். ஆயினும் மறுநாளே, ஒரு பந்தைப் பற்றிய பந்தயம் 200 டொலருக்கு மேற்படலாகாது என்ற எல்லையை பேஸ்போல் நிருவாகம் அறிவித்தது.

போர்ட்டர் செய்தி வந்த கிழமையிலேதான் தமக்கையார் பேசினார். "தம்பி, இவன் இராவிராவாப் போனைப் பாத்துக்கொண்டிருக்கிறான். சம்பளம் எங்கை போகுதெண்டு தெரியேல்லை. நீ ஒருக்காக் கதைச்சுப் பார்." ஒன்ராறியோ மாகாணத்தில் 2022 ஏப்ரல் முதல் இத்தகைய பந்தயம் தாராளமாக நடக்கின்றது, சட்டத்தைக் காட்டி அவனைத் தடுக்க வழியில்லை. உபதேசமும் பயன்படாது, இருபத்தாறு வயதானவன். கணக்கையே நம்பினோம்.

ஒரு கொப்பி போடச் சொன்னோம். காசு வையாது, இருநூறு ஆட்டங்களுக்குப் புள்ளி வித்தியாசத்தோடு அவன் தெரிவை எழுதவேண்டும். பக்கத்திலே நூற்றுக்கு எத்தனை நம்பிக்கை என்பதும் எழுதவேண்டும். 60 என்று எழுதியவற்றில் நூற்றுக்கு அறுபது பலிக்கவேண்டும்; தொண்ணூறு பலித்தாலும் அது நல்ல ஆரூடமன்று, தன்னை அறியாதவன் எழுத்து. வானிலை ஆரூடத்தை இவ்வாறு நிறுத்துப் பார்க்கும் முறையை 1950 இல் கிளென் பிரையர் என்னும் வானிலை அறிஞர் வகுத்தார். அதைப் பந்தாட்டத்துக்கும் எடுத்துக்கொண்டோம்.

ஐந்து மாதம் சென்றது. இருநூறில் 104 சரி. "பாத்தீங்களே மாமா, பாதிக்கு மேலை!" என்றான். புக்கியிடம் நூறு டொலர் வெல்ல நூற்றுப்பத்து வைக்கவேண்டும் என்பதை அவனைக் கொண்டே பெருக்குவித்தோம். 104 வெற்றிக்கு 10,400 டொலர். 96 தோல்விக்கு 10,560 டொலர். நூற்றறுபது டொலர் நட்டம். நட்டமின்றி நிற்பதற்கே நூற்றுக்கு 52.4 சரியாக வரவேண்டும். அவனுக்கு வந்தது 52. நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தான் "75" என்று எழுதிய ஆட்டங்களை மட்டும் தனியே எண்ணிப் பார்த்திருக்கிறான். அவற்றிற் பாதிகூடப் பலிக்கவில்லை. நட்டக் கணக்கைவிட அதுதான் அவனைச் சுட்டதாம்.

பந்தயத்தை முற்றாக விட்டான் என்று நாம் உறுதி கூறமாட்டோம். இன்னார் எத்தனை புள்ளி எடுப்பார் என்ற கேள்விகள் நம்மிடம் வருவது நின்றிருக்கின்றது. சம்பளத்தில் ஒரு பங்கு வீட்டுக்கு வருகின்றது என்று தமக்கையார் சொல்கின்றார். கொப்பி இப்போது மூன்றாவது. இன்று விடியவும் ஒரு செய்தி: "மாமா, எங்கடை ஆக்களுக்கு எறியிறவர் கடைசி நேரத்திலை மாறீற்றாராம். 55 எண்டு எழுதினதை 48 ஆக்கட்டோ?" புதிதாக எறியப்போகிறவர் யார், கடைசியாக எறிந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டு எழுதியிருக்கின்றோம்.