மாமி மறைத்த கால்கள்

கோவளத்தில் எங்கள் வீடு கடலுக்கு அருகில் இருக்கிறது. மார்கழி விடியலில் வீசும் ஈரக்காற்று எலும்பு வரை இறங்கும். 2022 டிசம்பரில் அப்படியொரு விடியலில், சுபுஹுத் தொழுகைக்காக உளூச் செய்ய அமர்ந்த என் மாமிக்கு நான் தண்ணீர் ஊற்றினேன். எப்போதும் அவரே செய்துகொள்வார். அன்று கை மூட்டுகளில் வலி என்று என்னை அழைத்திருந்தார். காலுறையைக் கழற்ற மட்டும் வெகுவாகத் தயங்கினார்.

கழற்றியபோதுதான் கண்டேன். கணுக்காலிலிருந்து கெண்டைக்கால் வரை கருஞ்சிவப்புப் புள்ளிகள். சில கடுகளவு, சில மிளகளவு. அவற்றுக்கிடையே பழைய புள்ளிகள் ஆறிய பழுப்புத் தழும்புகள்.

"எட்டு மாதமாக வந்து வந்து போகிறது. பாதமும் மரத்துப் போகிறது. யாரிடமும் சொல்லிவிடாதே, மகளே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த எட்டு மாதங்களில் எங்கள் கண்ணில் பட்டும் கருத்தில் படாதவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தமக்கென்று ஒரு குவளையையும் தட்டையும் தனியே எடுத்து வைத்திருந்தார். பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதை நிறுத்தியிருந்தார். அண்டை வீட்டுப் பெண்களோடு பேசப் போவதும் நின்றிருந்தது. முதுமையின் பிடிவாதம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அவரோ தமக்குப் பெருநோய் வந்துவிட்டது என்று தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் தொழுநோயாளர்களுக்கென ஒரு காப்பகம் தொடங்கப்பட்டது. 1955-இல் மத்திய அரசு அதனை ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. எத்தனையோ பேரைக் குணப்படுத்திய இடம் அது. ஆயினும் எங்கள் பகுதி முதியவர்களுக்குத் 'திருமணி' என்ற சொல்லே நோயின் மறுபெயராகிவிட்டது. மாமியின் சிறுவயதில் தெருவில் ஒரு பெண் அங்கு அனுப்பப்பட்டாராம். பிறகு அவரைப் பார்க்க எவரும் போகவில்லையாம். அதோடு, என் நாத்தனார் மகளுக்குச் செங்கல்பட்டில் நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. "என்னால் அந்தப் பிள்ளையின் வாழ்வு கெடக்கூடாது" என்பதே மாமியின் ஒரே பேச்சு.

மறுநாள் மாமல்லபுரத்திலிருக்கும் நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு சென்றோம். வழி நெடுக மாமி பேசவில்லை.

தோல் மருத்துவர் ஒரு கண்ணாடித் துண்டைப் புள்ளியின்மீது அழுத்தினார். சிவப்பு மறையவில்லை. குழாய்க்குள் ஓடும் இரத்தமாயின் அழுத்தும்போது விலகி, தோல் வெளுக்கும். இது குழாயைவிட்டு வெளியே கசிந்த இரத்தம் என்றார். விரலால் தடவச் சொன்னார். புள்ளிகள் சற்றே தடித்திருந்தன. பின்னர் பஞ்சால் தொட்டு உணர்ச்சியைச் சோதித்தார்; முழங்கையருகே நரம்பு தடித்துள்ளதா என்று தடவிப் பார்த்தார். தொழுநோயில் வெளிறிய அல்லது சிவந்த படையிலேயே உணர்ச்சி குன்றும், நரம்பு தடிக்கும். மாமிக்கோ புள்ளிகளில் உணர்ச்சி இருந்தது. மரத்திருந்தவை இரு பாதங்களுமே.

"தொழுநோயாகத் தெரியவில்லை, அம்மா. ஆனால் என் சொல்லை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தோலையே கேட்டுவிடுவோம்" என்றார்.

பயாப்ஸி என்றதும் புற்றுநோயோ என்று நாத்தனார் அழத் தொடங்கினார். தோல் நோய்களுக்கும் அது வழக்கமான சோதனைதான். மரத்துப் போக ஊசி போட்டு, 4 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் கத்தியால் இரண்டு துணுக்குகள் எடுத்தார்கள். பழைய புள்ளிகளை விட்டு, முந்தைய நாள் தோன்றிய புள்ளியையே தேர்ந்தார்கள். நாள் கடந்தால் நோயின் தடயங்கள் அழிந்துவிடுமாம். ஒரு துணுக்கு ஃபார்மலினில் போயிற்று. மற்றொன்று, நோய் எதிர்ப்புப் புரதங்களை ஒளிரச் செய்து பார்க்கும் சோதனைக்காகத் தனித் திரவத்தில் போயிற்று.

முடிவை மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். தொழுநோய்க் கிருமி இல்லை. தோலின் நுண்ணிய இரத்தக்குழாய்ச் சுவர்களில் வெள்ளணுக்கள் திரண்டு தாக்கியிருந்தன. அவை சிதைந்த துகள்கள் தூசிபோல் சிதறிக் கிடந்தன. சுவர் நைந்து, பைப்ரின் என்னும் புரதம் படிந்து, சிவப்பணுக்கள் வெளியே கசிந்திருந்தன. மற்றத் துணுக்கில் அச்சுவர்களில் ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதம் ஒளிர்ந்தது. இதுவே இரத்தக்குழாய் அழற்சி. இதனைத் தூண்டியது எது என்பது அடுத்த கேள்வி.

மூட்டுவலி, சோர்வு, புள்ளிகள் மூன்றும் சேர்ந்திருந்ததால் கிரையோகுளோபுலின் சோதனை எழுதினார். உடற்சூட்டில் கரைந்திருந்து, குளிரில் திரியும் புரதம் அது. 1933-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டு, 1947-இல் இப்பெயர் பெற்றது. முதற் சோதனையில் 'இல்லை' என்றே வந்தது. விசாரித்தபோது, இரத்தத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுபோனது தெரிந்தது. புரதம் வழியிலேயே திரிந்து இரத்தக் கட்டியோடு தங்கிவிட்டிருக்கிறது. மறுமுறை ஊசியையும் குழாயையும் சூடாக்கி எடுத்து, 37 டிகிரி வெந்நீரிலேயே வைத்து, தெளிநீரைப் பிரித்த பிறகே 4 டிகிரிக் குளிரில் வைத்தார்கள். மூன்றாம் நாள் அடியில் வெண்படிவு தெரிந்தது. சூடேற்றியதும் கரைந்து மறைந்தது.

இவ்வகைப் புரதத்தின் பின்னால் பெரும்பாலும் நிற்பது ஹெபடைடிஸ் 'சி' கிருமி. அக்கிருமி அடையாளம் காணப்பட்டதே 1989-இல்தான். "எப்போதாவது இரத்தம் ஏற்றினார்களா?" என்று மருத்துவர் கேட்டார். கடைசிப் பிரசவத்தில், 1994-இல், மாமிக்கு இரண்டு புட்டி இரத்தம் ஏற்றியிருந்தார்கள். நம் நாட்டில் தான இரத்தத்தில் இக்கிருமியைத் தேடுவது கட்டாயமானது 2000-க்குப் பிறகே. சோதித்தபோது கிருமி இருந்தது. மாமியின் உயிர் காத்த இரத்தத்திலேயே அது வந்திருக்கக்கூடும். எவரையும் குற்றம் சொல்ல இயலாத கணக்கு இது.

2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருந்து இலவசமாகக் கிடைத்தது. நாளுக்கு இரண்டு மாத்திரைகள், 12 வாரங்கள். சிறுநீரகம் கெட்டுவிடவில்லை என்று சோதித்து அறிந்தோம். உளூவுக்கு வெந்நீர் வைத்தேன்; வெகுநேரம் நின்றால் புள்ளிகள் பெருகும் என்பதால் அடுப்படி வேலையைக் குறைத்தோம். சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த சோதனையில் கிருமி இல்லை. அல்ஹம்துலில்லாஹ். புள்ளிகளும் வருவதில்லை. ஆனால் பாதங்களின் மரமரப்பு முழுவதும் போகவில்லை. முன்பே வந்திருந்தால் நரம்பு இவ்வளவு கெட்டிராது என்றார் மருத்துவர். எட்டு மாத மௌனத்தின் விலை அது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் நாத்தனாரே போய் எல்லாவற்றையும் சொன்னார். அந்தத் தாயார், "இதற்காகவா இவ்வளவு நாள் ஒளிந்திருந்தார்கள்?" என்று கேட்டு, மறுநாளே பழங்களுடன் மாமியைப் பார்க்க வந்தார். நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது.

ஹெபடைடிஸ் 'சி' இரத்தத்தின் வழியே பரவுவது. குவளையாலும் மடியாலும் பரவுவதில்லை. அதைக் கேட்ட அன்றே மாமியின் தனிக் குவளையை மற்றவற்றோடு சேர்த்து அடுக்கினேன். அப்போது அவர் கேட்டார்: "அது பெருநோயாகவே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய், மகளே?"

"இதையேதான் செய்திருப்பேன், மாமி" என்றேன். உண்மையும் அதுவே. தொழுநோய்க்கும் இன்று 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. உண்ணத் தொடங்கியதுமே பிறருக்குத் தொற்றும் அபாயம் நீங்கிவிடுகிறது.

சகோதரிகளே! நம் வீட்டு முதியவர்கள் தம் நோயைவிட நம் மானத்திற்கே அதிகம் அஞ்சுகிறார்கள். அவர்கள் உளூச் செய்யும்போது ஒரு நாள் அருகில் நின்று தண்ணீர் ஊற்றுங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் காலில் தெரிந்தால், களிம்பு தடவிக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.