உரத்த ஒலியும் சிறந்த ஒலியும்

மின்கித்தாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்து அதில் சுவை காண்பது இக்கால இசையின் விந்தைகளுள் ஒன்று. அதற்கான பெடலில், பெருக்கப்பட்ட ஒலியலை, எதிரெதிராக இணைத்த இரு டயோடுகளைச் சந்திக்கின்றது. குறித்த மின்னழுத்தத்தை அலை தாண்ட முற்பட்டால் அவை அதன் முகட்டை வெட்டிவிடுகின்றன; அவ்வெட்டில் பிறக்கும் புதிய மேற்சுரங்களே அந்த உறுமல்.

ஜெர்மானியம் டயோடு ஏறத்தாழ 0.3 வோல்ட்டிலும், சிலிக்கன் 0.6 வோல்ட்டிலும், சிவப்பு எல்.இ.டி. 1.7 வோல்ட்டிலும் வெட்டத் தொடங்கும். 1978-இல் வந்த பாஸ் டி.எஸ்.-1 சிலிக்கனையும், 1988-இல் வந்த மார்ஷல் கவ்னர் எல்.இ.டி.யையும் ஏற்றன. இன்று ஒரே பெட்டியில் சிறு சுவிட்சினால் மூன்றையும் மாற்றிக்கொள்ளலாம். வரம்பு தாழ்ந்தால் சிதைவு மிகும், ஒலி குறையும். உயர்ந்தால் ஒலி பெருகும், விரலின் வன்மை மென்மைகளும் புலப்படும்.

என் பழைய மாணவர் ஒருவர் அவ்வாறு மாற்றி மாற்றி வாசித்தபோது, கேட்டோர் அனைவரும் எல்.இ.டி.யையே புகழ்ந்தனர். அவர் ஒலியளவைச் சமப்படுத்தி மீண்டும் வாசித்தார். பலர் ஜெர்மானியத்தின் பக்கம் சாய்ந்தனர்.

உரத்ததைச் சிறந்ததென மயங்குவது செவியின் இயல்பு. வகுப்பறையிலும் உரக்க விடை கூறும் பிள்ளையே முதலில் நம் கருத்தைக் கவர்கின்றான். அளவைச் சமப்படுத்திய பின்னரே தரத்தைப் பேசுவோம். இன்றேல் மெல்லப் பேசும் பிள்ளையின் அறிவை நாம் கேளாமலே போய்விடுவோம்.