பி.ஏ. முடித்து எம்.டி.க்கு

அமெரிக்காவில் மருத்துவம், ஒரு பட்டம் பெற்ற பிறகு படிக்கும் படிப்பு. பள்ளியிலிருந்து நேரே அழைத்துக்கொள்ளும் இணைப்புப் படிப்புகள் சில இருந்தாலும், பெரும்பாலோர் போகும் பாதை ஒன்றுதான்: நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம், நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரி, பிறகு துறையைப் பொறுத்து மூன்று முதல் ஏழு ஆண்டு ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி. அந்த இளநிலைப் பட்டம் எந்தத் துறையில் இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. வரலாறு, ஆங்கில இலக்கியம், தத்துவம், சமயவியல், இசை என்று எதுவாகவும் இருக்கலாம். ‘பிரீமெட்’ என்று ஊரெல்லாம் சொல்வது பெரும்பாலான கல்லூரிகளில் ஒரு பட்டத்தின் பெயரல்ல. மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் சில பாடங்களை, எடுத்த பட்டத்தோடு சேர்த்துப் படித்து முடிப்பதற்கு வழங்கும் பேச்சுப் பெயர் அது.

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும் அன்றே இந்தக் கதவு பாதி மூடிவிடுகிறது. பி.ஏ. வரலாறு முடித்தவருக்கு மருத்துவ ஆசை வந்தால், பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இருந்ததா என்றுதான் கேட்பார்கள். பிறகு நீட். பி.ஏ. பட்டத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. இந்த வழக்கத்தில் ஊறி வந்த பெற்றோர், நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ மகள் இலக்கியம் எடுக்கப்போகிறேன் என்றதும், டாக்டர் கனவு போயிற்று என்று கலங்கிப்போகிறார்கள். போகவில்லை. ஆனால் அவள் அறிவியல் எதையும் படிக்காமல் தப்பித்துவிடவும் முடியாது.

அமெரிக்காவின் இந்த ஏற்பாட்டுக்குப் பழைய வேர் உண்டு. 1893-இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி, சேர வருபவர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்றது. அறிவியல் அடிப்படையோடு பிரெஞ்சும் ஜெர்மனும் வாசிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டும் என்றது. 1910-இல் ஏபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் எழுதிய அறிக்கை, காசு வாங்கிக்கொண்டு பட்டம் கொடுத்த தனியார் மருத்துவப் பள்ளிகள் பலவற்றை மூட வைத்தது. வேதியியலும் உயிரியலும் இயற்பியலும் கல்லூரி அளவில் படித்தவரையே சேர்க்க வேண்டும் என்பது அவர் வைத்த அடிக்கல். இன்றைய விதியின் சாரமும் ஏறக்குறைய அதுதான்.

கேட்கப்படும் பாடங்கள் கல்லூரிக்குக் கல்லூரி சற்று மாறும். பொதுவாக உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவை ஆய்வுக்கூடத்தோடு ஓராண்டு வீதம். மேலே உயிர்வேதியியலும் கொஞ்சம் புள்ளியியலும். கலைப் பட்டம் படிக்கும்போதே இவற்றை இடையிடையே முடிப்பவர்கள் உண்டு. பட்டம் வாங்கி, வேலைக்கும் போன பிறகு மனம் மாறியவர்களுக்கு ‘போஸ்ட்பேக்’ என்னும் வழி இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1955 முதல் இது நடக்கிறது. பிரின் மார், கௌச்சர் போன்ற சிறு கல்லூரிகள், அறிவியலே படிக்காமல் வந்த பட்டதாரிகளை ஏறக்குறைய ஓராண்டில் அத்தனை பாடத்தையும் முடிக்க வைக்கின்றன. செலவு அதிகம். அருகில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் தனித்தனியாகப் பாடம் எடுத்துப் படிப்பது மலிவு, காலம் கூடும். கம்யூனிட்டி கல்லூரி இன்னும் மலிவு. ஆனால் சில மருத்துவக் கல்லூரிகள் நான்காண்டுக் கல்லூரியில் எடுத்த மதிப்பெண்ணையே விரும்புவதால், முதலில் விசாரித்துவிட்டுச் சேர்வது நல்லது.

பலரும் அஞ்சுவது கரிம வேதியியலுக்கு. ‘ஆர்கோ’ என்ற செல்லப் பெயரிலேயே நடுக்கம் தெரியும். மொழி படித்தவர் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. நன்னூல் படித்தவருக்கு விகாரப் புணர்ச்சி மூன்று என்று தெரியும்: தோன்றல், திரிதல், கெடுதல். கரிம வேதியியலின் முதல் பருவத்தில் வருகிற பெரிய வினை வகைகளும் மூன்று: சேர்க்கை, பதிலீடு, நீக்கம். இரட்டைப் பிணைப்பில் புதிதாக ஒன்று வந்து ஒட்டும். அல்லது ஒன்று இருந்த இடத்தில் வேறொன்று அமரும். அல்லது இருந்தது கழன்று போகும். நிலைமொழியின் ஈறு என்ன, வருமொழியின் முதல் என்ன என்று பார்த்து ‘மரம் + வேர் = மரவேர்’ என்று எழுதுகிற அதே கண்ணோடு, எந்த அணுவில் எலக்ட்ரான் மிகுதி, எதில் குறைவு என்று பார்த்து வளைந்த அம்புக்குறி போட வேண்டும். விதியை மனப்பாடம் செய்தவர் தேர்வில் திணறுவார். விதி ஏன் அப்படி என்று பிடித்துக்கொண்டவர் புதிய வினையையும் எழுதிவிடுவார். இலக்கணம் கற்ற விதமே இங்கே கைகொடுக்கும்.

அடுத்தது மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான எம்கேட் தேர்வு. இடைவேளையோடு ஏழரை மணி நேரம். மதிப்பெண் 472-இலிருந்து 528 வரை. நான்கு பகுதிகளில் மூன்று அறிவியல் சார்ந்தவை; அவற்றில் ஒன்று உளவியலும் சமூகவியலும் கலந்தது, 2015-இல் தேர்வை மாற்றியமைத்தபோது சேர்ந்தது. நான்காவது பகுதியை ‘கார்ஸ்’ என்பார்கள். ஒன்பது உரைநடைப் பகுதிகள், 53 கேள்விகள், 90 நிமிடம். கலை விமர்சனமோ, அறவியலோ, நகரங்களின் வரலாறோ, எதுவும் வரலாம். வெளி அறிவு எதுவும் வேண்டாம். பக்கத்தில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு, ஆசிரியர் சொன்னது எது, சொல்லாமல் எடுத்துக்கொண்டது எது, புதிய சான்று ஒன்று வந்தால் அவர் வாதம் நிற்குமா என்று பதில் சொல்ல வேண்டும். வேதியியலில் வெளுத்து வாங்குகிறவர்களில் பலர் இங்கே வழுக்குகிறார்கள். நான்காண்டு காலம் வரிக்கு வரி வாசித்துப் பழகியவருக்கு இது சொந்த வீடு. மூன்று மாதப் பயிற்சிப் புத்தகத்தால் அந்தப் பழக்கத்தை வாங்கிவிட முடியாது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் அறிவியல் பாடம் எதையும் கட்டாயமாக்குவதில்லை. எம்கேட் மதிப்பெண்ணிலும் இந்தக் கார்ஸ் பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

விண்ணப்பத்தில் ஜி.பி.ஏ. என்னும் மதிப்பெண் சராசரியை இரண்டாகப் பார்ப்பார்கள்: மொத்தம் ஒன்று, அறிவியல் கணிதப் பாடங்களுக்குத் தனியாக ஒன்று. கலைப் பட்டதாரிக்கு இரண்டாவதில் பாடங்கள் குறைவு என்பதால் ஒவ்வொரு மதிப்பெண்ணும் கனமானது. ஒரு ‘சி’ வந்தாலும் சராசரி சரிந்துவிடும். பரிந்துரைக் கடிதங்களிலும் அறிவியல் பேராசிரியர் இருவராவது இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் ஆசிரியருக்கு முகம் தெரிய வேண்டுமானால், முதல் வாரத்திலிருந்தே அவர் அறைக்குக் கேள்வியோடு போக வேண்டும்.

பிறகு தன்விளக்கக் கட்டுரை. இடைவெளியையும் சேர்த்து 5,300 எழுத்துக்குறிகள். இலக்கிய மாணவர்கள் வெல்ல வேண்டிய இடம் இது, சறுக்குவதும் இங்கேதான். மானுடத்தின் வேதனை, வாழ்வின் நிலையாமை என்று அழகாக எழுதிக்கொண்டே போவார்கள். வாசிக்கிற குழுவுக்கு வேண்டியது அதுவல்ல. அவசரப் பிரிவில் மருத்துவருக்காகக் குறிப்பெழுதும் ஸ்கிரைப் வேலை பார்த்தவர் இப்படி எழுதலாம்: முதியவர் ‘வலி ஒன்றுமில்லை’ என்றார், மருத்துவர் அதை விட்டுவிட்டு, நேற்று மாடிப்படி ஏறினீர்களா என்று கேட்டார், ஏறவில்லை, கீழேயே சோஃபாவில் படுத்துக்கொண்டேன் என்றார், அந்தப் பதில் வந்த பிறகுதான் குறிப்பில் எழுத ஏதோ கிடைத்தது. நான்கு வரியில் வாசிப்பும் மருத்துவமும் ஒன்றாகத் தெரிந்துவிடுகின்றன. நோயாளியின் பக்கத்தில் நின்ற அனுபவம் இல்லாமல் எவ்வளவு நல்ல நடையும் எடுபடாது. ஆகவே தன்னார்வத் தொண்டு, மருத்துவரோடு கூடவே இருந்து பார்க்கும் ஷேடோயிங், இறுதிக்கால நோயாளிகளுக்கான ஹாஸ்பிஸ் பணி ஆகியவற்றுக்கு முன்கூட்டியே நேரம் ஒதுக்க வேண்டும்.

இப்படி வந்தவர்கள் தேறுகிறார்களா? நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987-இல் ஒரு துணிச்சலான சோதனையைத் தொடங்கியது. கலைப் பாட மாணவர்களைக் கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே தேர்ந்தெடுத்து, எம்கேட், கரிம வேதியியல், இயற்பியல் எல்லாவற்றிலிருந்தும் விலக்குக் கொடுத்தது. 2010-இல் வெளியான ஆய்வு, அப்படிச் சேர்ந்த 85 பேரை வழக்கமான வழியில் வந்த 606 பேரோடு ஒப்பிட்டது. முதல் கட்ட உரிமத் தேர்வில் கலைப் பாட மாணவர்களுக்குச் சற்றுக் குறைவான மதிப்பெண். வார்டில் நோயாளிகளோடு பழகும் பயிற்சியில் ஏறக்குறைய சமம். மனநல மருத்துவத்துக்கும் முதல்நிலை மருத்துவத்துக்கும் போனவர்கள் அவர்களில் சற்று அதிகம். அந்தத் திட்டம் பிறகு எல்லாத் துறையினருக்கும் விரிவாக்கப்பட்டது. நாடு முழுவதும் விண்ணப்பிப்பவர்களில் கலைப் பட்டதாரிகள் சிறு பங்குதான் என்றாலும், இடம் கிடைக்கும் விகிதம் உயிரியல் பட்டதாரிகளைவிடக் குறைவாக இல்லை. இதை வைத்து, கலைப் பட்டமே இடம் வாங்கித் தரும் என்று எண்ணக் கூடாது. உறுதியில்லாதவர்கள் வழியிலேயே விலகிவிடுகிறார்கள். கடைசிவரை வந்து விண்ணப்பிக்கிறவர்கள் பொறுக்கி எடுத்தவர்கள்.

இலக்கியத்திலிருந்து மருத்துவத்துக்கு வந்து பெயர் பெற்றவர்களும் உண்டு. ஹெரால்ட் வார்மஸ் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அவரை இருமுறை மறுத்தது, கொலம்பியா சேர்த்துக்கொண்டது, புற்றுநோய் மரபணு ஆய்வுக்காக 1989-இல் நோபல் பெற்றார். பால் கலாநிதி ஸ்டான்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்தோடு மனித உயிரியலும் படித்து, கேம்பிரிட்ஜில் அறிவியல் வரலாறும் தத்துவமும் முடித்து, யேலில் மருத்துவம் பயின்று நரம்பியல் அறுவை நிபுணர் ஆனவர். நுரையீரல் புற்றுநோயால் 2015-இல், 37 வயதில் இறந்தார்.

காலக் கணக்கு இது. மே மாதக் கடைசியில் அல்லது ஜூனில் விண்ணப்பம் அனுப்பினால், கோடையில் துணைக் கட்டுரைகள், இலையுதிர் காலம் தொடங்கி நேர்காணல்கள், அடுத்த ஆண்டு கோடைக் கடைசியில் வகுப்பு. அறிவியலை அடியிலிருந்து தொடங்குபவருக்கு, முதல் அறிவியல் வகுப்பிலிருந்து, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து வெள்ளைக் கோட்டு போடும் நாள் வரை இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய சுவர் வேறிடத்தில் இருக்கிறது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் ஹெச்-1பி பெற்றோரின் பிள்ளைகள், இங்கேயே பள்ளி படித்திருந்தாலும், சேர்க்கையில் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர்களாகவே எண்ணப்படுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகள் பல அவர்களைச் சேர்ப்பதில்லை. சேர்க்கும் தனியார் கல்லூரிகளில் சில, நான்காண்டுக் கட்டணத்தையும் முன்பணமாகக் காட்டச் சொல்கின்றன. கூட்டாட்சி அரசின் கல்விக் கடனும் அவர்களுக்குக் கிடையாது. போஸ்ட்பேக்குக்குப் பணம் கட்டும் முன், சேர விரும்பும் ஒவ்வொரு கல்லூரியின் விசா விதியையும் எழுத்து வடிவில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.