ஆலமரத்தடியில் தொடங்கி அரசமரத்தடி வரை

காசி, கயை யாத்திரை செல்லும் தமிழகக் குடும்பங்கள் கயையில் தங்குவது பெரும்பாலும் ஒரே நாள்தான். அதிகாலையில் பல்குனி நதிக்கரையில் தொடங்கும் சிராத்தம், விஷ்ணு பாதத்தில் பிண்டம் சமர்ப்பித்து, அட்சய வடம் என்னும் ஆலமரத்தடியில் நிறைவுறும்போது பிற்பகலாகிவிடும். இரவு ரயிலுக்கு இன்னும் சில மணி நேரம் இருக்கும். அதை விடுதி அறையிலேயே கழித்துத் திரும்புவோர் பலர். சுமார் 12 கிலோமீட்டர் தெற்கே, புத்தர் ஞானம் பெற்ற புத்தகயா அமைந்திருக்கிறது.

சிராத்தம் செய்த நாளில் அங்கே செல்லலாமா என்ற தயக்கம் பெரியவர்களுக்கு எழக்கூடும். அக்னி புராணத்தின் கயா யாத்திரைப் பகுதியே மகாபோதி மரத்தை வணங்குமாறு கூறுகிறது. ஸ்ரீமத் பாகவதம் புத்தரைத் திருமாலின் அவதாரங்களுள் ஒருவராகச் சொல்கிறது. புத்தகயாவை ஒட்டி ஓடும் நிரஞ்சனா நதிதான் மோகனா நதியுடன் கலந்து, கயையில் பல்குனி ஆகிறது. காலையில் பிண்டம் கரைத்த நதியின் மேற்கரைக்கே மாலையில் செல்கிறோம்.

செலவும் அதிகமில்லை. கயையிலிருந்து ஷேர் ஆட்டோக்கள் செல்கின்றன. மகாபோதி ஆலயத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. கைபேசியை மட்டும் வெளியே ஒப்படைத்துவிட வேண்டும்.

படிகளில் இறங்கினால், சுமார் 50 மீட்டர் உயரத்தில் செங்கல் விமானம் நிமிர்ந்து நிற்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் இங்கு முதல் ஆலயம் எழுப்பினார். இன்று காண்பது குப்தர் காலத்தை ஒட்டிய கட்டடம். கருவறையில் வலக்கரத்தால் பூமியைத் தொட்டபடி பொன்னொளியில் வீற்றிருக்கிறார் புத்தர். ஆலயத்தின் பின்புறம் வஜ்ராசனமும் போதி மரமும் உள்ளன. பழைய அரசமரம் 1876இல் புயலில் சாய்ந்தது. அதன் பின்னர் நடப்பட்ட மரமே இப்போது நிழல் தருகிறது.

அட்சய வடத்தின் அடியில் ஒரு காய், ஒரு கனி, ஓர் இலை ஆகியவற்றை இனி உண்பதில்லை எனச் சங்கல்பம் செய்துகொள்வது கயையின் வழக்கம். தாய்க்கோ தந்தைக்கோ பிண்டமிட்டு, விரும்பிய பண்டத்தையும் விட்டுவிட்டவருக்கு, பிரிவுத் துயர் மட்டும் எளிதில் விடுபடுவதில்லை. ஆசையே துன்பத்தின் வேர் என்று கண்டவர் அமர்ந்த இடத்தில், பல நாட்டுத் துறவியர் தத்தம் மொழியில் ஓத, சிறிது நேரம் பேசாமல் அமர்ந்திருப்பதே அவருக்கு ஆறுதல்.

எழுந்து வரும்போது, உதிர்ந்த அரசிலை ஒன்றை எடுத்து வரலாம். அதைப் பறிக்கலாகாது, தானாக உதிர்ந்ததே பிரசாதம்.